அம்மா குறித்த கன்னியாகுமரி வழி

பழைய புத்தகக் கடையில் இன்று ஒரு மேப்பை விரித்தபோது வந்த மக்கிய காகித வாசனை, குரோம்பேட்டையில் இப்போது இடித்துவிட்ட எங்கள் வாடகை வீட்டின் சிவப்பு சிமெண்டுத் தரைக்கே என்னைக் கொண்டுபோய்விட்டது. கோடை விடுமுறை வந்தால் அம்மா அந்தத் தரையில் தமிழ்நாடு மேப்பை விரித்து, ஃபேன் காற்றில் பறக்காமல் மூலைக்கொரு டம்ளர் வைத்து, ரயில்வே டைம்டேபிளைப் புரட்டிப் புரட்டிக் கன்னியாகுமரிக்கு வழி குறிப்பாள்.

"லீவு கிடைக்கல, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார் அப்பா, மூன்றாவது வருஷமாக.

"வழி எனக்கே தெரியுதுங்க. நானும் பாப்பாவும் போயிட்டு வர்றோம்" என்றாள், தாம்பரத்தைத் தாண்டித் தனியாகப் போயிராத அம்மா, என்னைக் காட்டி.

மறுநாள் அப்பா மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்து வந்தார். டைம்டேபிளை மடியில் வைத்து, அடுத்த ஸ்டேஷன் பெயரை முன்கூட்டியே சொல்லிக்கொண்டே வந்தாள் அம்மா. கடலில் முழங்கால்வரை புடவை நனைய நின்று வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்குக் கொடுத்துவைத்திருந்தது.