‘கேப்’பில் வாசிப்பவன்

பாட்டு என்றால் எல்லோருக்கும் பாடகர்தான். எனக்கு அப்படியில்லை. முதல் சரணம் முடிந்து பாடகர் வாயை மூடியதும் வருமே இரண்டாவது இடையிசை, அதற்காகத்தான் நான் பாட்டே கேட்கிறேன். எனக்குப் பிடித்த ஒரு பழைய சினிமாப் பாட்டில் அந்த இடம் முழுக்கப் புல்லாங்குழல். வயலின்கள்கூட ஒதுங்கிக்கொள்ளும். குழல் தயங்கித் தயங்கி மேலே ஏறி, உச்சியில் கொஞ்சம் நின்று, மனசில்லாமல் இறங்கும். அதை வாசிப்பதற்காகவே கிள்ளானில் ஒரு கல்யாண இசைக்குழுவில் சேர்ந்தேன்.

சேர்ந்து என்ன பயன்? எங்கள் ஊர் விருந்துகளில் அந்த இடத்துக்குப் பெயர் ‘கேப்’. பாடகர் நிறுத்தினால் போதும், அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்துவிடுவார். மாப்பிள்ளையின் மாமா மேடைக்கு வரவும். பிரியாணி தயார். யாரோ காரைக் குறுக்கே நிறுத்தியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பின்னணி என் குழல். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறும். ஊதிக்கொண்டே எப்படித் திட்டுவது?

என் மனைவி மருத்துவமனையில் தாதி. சனி, ஞாயிறும் வேலைதான். இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவளை எழுப்பக்கூடாது என்று, செந்தூல் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்துதான் பயிற்சி செய்வேன். அதனால் அந்த இடையிசையை நான் வாசித்து அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு விருந்து. அன்று பகல் வேலைதான், முடிந்ததும் நேராக வந்துவிடுகிறேன் என்றாள். நான் அறிவிப்பாளரிடம் போய்க் கெஞ்சினேன்.

“தம்பி, அந்தப் பாட்டுக்கு மட்டும் வாயத் தொறக்காத லா.”

“ஓகே அண்ணே, கண்டிப்பா.”

முதல் சரணம் முடியும் நேரத்தில் அவள் மூச்சு வாங்க உள்ளே நுழைந்து கடைசி மேசையில் உட்கார்ந்தாள். நான் குழலை எடுத்தேன். அறிவிப்பாளன் சொன்னபடி சும்மாதான் நின்றான். குழல் மேலே ஏறத் தொடங்கியபோது மண்டபக்காரர் ஓடி வந்து அவன் காதில் ஏதோ சொன்னார். அவன் என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டு மைக்கை எடுத்தான்.

“வெளிய ஒரு வெள்ளை மைவி கார் பிளாக் பண்ணுது. சாப்பாட்டு லோரி உள்ள வர முடியல. கொஞ்சம் சீக்கிரம் எடுத்துருங்க, ப்ளீஸ்.”

வண்டி எண்ணை வாசித்தான். எங்கள் கார். என் வாசிப்பைத் தவறவிடக்கூடாது என்ற அவசரத்தில், இடம் தேடாமல் குறுக்கே போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். என்னால் நிறுத்தவும் முடியாது, கூப்பிடவும் முடியாது. உச்சியில் நின்று ஊதிக்கொண்டே, அவளுடைய வெள்ளைச் சீருடை கதவைத் தாண்டிப் போவதைப் பார்த்தேன். அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

அவள் திரும்பியபோது பாட்டு முடிந்து கைதட்டலும் ஓய்ந்திருந்தது. மேடையோரம் வந்து, முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“நல்லவேளைங்க, கேப்லதான் கூப்பிட்டாங்க. உங்களுது இன்னும் வரல தானே?”