பெரிய மச்சான் மெக்கானிக் தேடிய கதை

எனக்கு இரண்டு அக்கா, இரண்டு மச்சான்கள். பெரிய மச்சானிடம் மண் தோண்டும் பொக்லைன் வண்டி ஒன்று இருக்கிறது. அதை ஓட்டுவது நான். சின்ன மச்சான் அந்த மாதிரி வண்டிகளைப் பழுதுபார்க்கும் ஷெட் வைத்திருக்கிறார். இதைக் கேட்பவர்கள், "அட, ரொம்ப வசதியாப் போச்சே!" என்பார்கள். வசதியாவது மண்ணாங்கட்டியாவது. எங்கள் வண்டி ஒரு நாள்கூட அந்த ஷெட் வாசலை மிதித்ததில்லை.

காரணம் பொறாமை. சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய மச்சான் நல்ல மனிதர். வேலையாட்கள் சாப்பிடாமல் தான் சாப்பிடமாட்டார். என் அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் வேலைக்கே போகமாட்டார். ஆனால் சகலையின் பேச்சை எடுத்தால் மட்டும் அவருக்கு வயிறு எரியும். பல வருடம் எங்கள் வீட்டில் ஒரே மாப்பிள்ளையாக ராஜா மாதிரி வலம் வந்தவர்; சின்னவர் வந்ததும் நாற்காலி ஆட்டம் கண்டுவிட்டது. என் அப்பாவும் சும்மா இருக்கமாட்டார். பெரிய மாப்பிள்ளை வந்தால் டிவியைப் பார்த்துக்கொண்டே "வாங்க" என்பார். சின்னவர் வந்தால் டிவியை அணைத்துவிட்டு எழுந்து நிற்பார். எங்கள் கூடத்து மின்விசிறியைச் சின்னவர் ஒருமுறை சரிசெய்தார். அன்றிலிருந்து பெரிய மச்சான் அதன் அடியில் உட்காருவதில்லை. ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வியர்த்து வழிவார். "காத்து இங்கதான் நல்லா வருது" என்பார். ஜன்னல் சாத்தியிருக்கும்.

இந்த லட்சணத்தில்தான் வண்டி படுத்தது. கால்வாய் தோண்டிக்கொண்டிருந்தோம். தூக்கி நிறுத்திய இயந்திரக் கை, நான் எதையும் தொடாமலே மெல்ல மெல்லக் கீழே இறங்க ஆரம்பித்தது. அடியில் ஆள் நின்றால் என்ன ஆவது? மேற்பார்வை பார்க்கும் என்ஜினியர் அம்மா வந்து பார்த்தார். "ஒழுங்கா ரெடி பண்ணிட்டு வாங்க. திங்கக்கிழமை காலையில வண்டி இங்க நிக்கலேன்னா வேற ஆளைக் கூப்பிட்டுடுவேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அந்த வருடம் எங்கள் கையில் இருந்த ஒரே பெரிய வேலை அதுதான். அது போனால் வண்டியை விற்றுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

"சின்ன மச்சான்கிட்ட விட்டுடலாம்" என்றேன்.

"ஏன், ஊர்ல வேற மெக்கானிக்கே இல்லையா?"

"பிரஷர் பாக்கிற மீட்டர் அவர்கிட்டதான் இருக்கு. இந்த வேலையை முறையா படிச்சவரு."

"நாங்க என்ன மாடா மேய்ச்சோம்? ஏறு மாப்ள, போலாம்."

பைக்கில் அலைந்தோம். முதல் பட்டறைக்காரர் முழுவதும் கேட்டுவிட்டுக் கையை விரித்தார். "இது நமக்குச் சரிப்படாதுண்ணே. உங்க சகலைதான் இதுக்கு ஆளு." அடுத்த இடத்தில் டீ கொடுத்து உபசரித்தார்கள். பேச்சுவாக்கில் உறவு தெரிந்ததும், "அவருக்கு நீங்க அண்ணன் முறையா? முதல்லயே சொல்லக் கூடாதா!" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். மச்சான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். உதிரிபாகக் கடைக்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார். மச்சானின் போனை வாங்கி, சின்ன மச்சானின் நம்பரை அவரே அழுத்தினார். திரையில் 'எடுக்காதே' என்று வந்தது. மச்சான் அந்த நம்பரை அந்தப் பெயரில்தான் பதிந்து வைத்திருந்தார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பைக் கண்ணாடியில் மச்சானின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அழுதுவிடுவார் போலிருந்தது.

கடைசியாக, பெட்ரோல் பங்குக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. சட்டைக்குப் பட்டன் போடாத ஒருவர் டயர் மேல் உட்கார்ந்திருந்தார். மச்சான் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, "எங்க சின்ன மச்சான் ஷெட்டுக்குப் போகலாம்னுதான் இருந்தோம்..." என்று இழுத்தேன்.

"அவனா? அவனுக்கு என்ன தெரியும்? மீட்டரை வச்சுக்கிட்டு படம் காட்டுறவன். நான் சத்தத்தைக் கேட்டே சொல்லிடுவேன்."

பெரிய மச்சானின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. "இவருதான் மாப்ள ஆளு!" என்று என் முதுகில் தட்டினார். ஒரு சட்டை எடுப்பதற்கு நாலு கடை ஏறி இறங்கி, தையலை உள்பக்கம் புரட்டிப் பார்க்கிறவர் அவர். இங்கே, 'எங்கே வேலை கற்றீர்கள், இந்த மாதிரி வண்டி பார்த்திருக்கிறீர்களா, வேலைக்கு உத்தரவாதம் உண்டா' என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டுமே? ஊஹூம். வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

கொட்டகைக்காரர் கையைத் தூக்கும் சிலிண்டரைப் பிரித்து, எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல்களையெல்லாம் மாற்றினார். திங்கட்கிழமை காலை மண்ணை அள்ளித் தூக்கினேன். கை நின்றது. மச்சான் தூரத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எண்ணெய் சூடேறும்வரைதான் அந்தச் சந்தோஷம். பிறகு கை இறங்கியது, இந்த முறை மெல்ல அல்ல. ஆழம் பார்க்க அளவுகோல் பிடித்து நின்றவர் துள்ளி விலகினார். அவருடைய அளவுகோல் மண் அள்ளும் பக்கெட்டுக்கு அடியில் முறிந்தது.

என்ஜினியர் அம்மா சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "மத்தியானம் வரைக்கும் பாக்கறேன்" என்றார், அவ்வளவுதான். மச்சானின் முகத்தில் ஈயாடவில்லை. கொட்டகைக்காரருக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. அதற்குமேல் நான் யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. தள்ளிப் போய்ச் சின்ன மச்சானைக் கூப்பிட்டேன்.

உடனே வந்தார். மீட்டரை மாட்டி, ஒவ்வொரு குழாயாக அடைத்துச் சோதித்தார். சிலிண்டர் மேல் குற்றமே இல்லை. எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் வால்வைப் பிரித்தால், உள்ளே சின்ன ஸ்பிரிங் ஒன்று உடைந்து கிடந்தது. புதிதைப் போட்டு, எண்ணெய் நன்றாகச் சூடேறும்வரை வண்டியை ஓட்டச் சொல்லி, கையைத் தூக்கி நிறுத்திப் பார்த்தார். அசையவில்லை. என்ஜினியர் அம்மா தலையாட்டிவிட்டு நகர்ந்தார். வேலை தப்பியது.

பெரிய மச்சான் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மண்மேட்டில் உட்கார்ந்திருந்தார். சின்ன மச்சான் கையைக்கூடத் துடைக்காமல் நேராக அவரிடம் போனார். குத்திக்காட்டப் போகிறார், இன்றோடு குடும்பம் இரண்டுபட்டது என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

"எதுக்குண்ணே அவன்கிட்ட போனீங்க?" என்று கேட்டார் சின்ன மச்சான். "ஊர்ல இருக்கிற வண்டியெல்லாம் என் ஷெட்டுக்கு வருது, உங்க வண்டி மட்டும் வரலை. கூடப் பொறந்தவர் மாதிரி இருக்கிறவரே நம்பலைன்னா நான் என்ன மெக்கானிக்? அவன் கொட்டகை வாசல்ல உங்க வண்டியைப் பாத்துட்டு எனக்குச் சோறு இறங்கலைண்ணே. சொல்லுங்க, என்கிட்ட இல்லாதது அவன்கிட்ட அப்படி என்ன இருக்கு?"

அந்த முகம் எனக்குத் தெரியும். இத்தனை காலமாக நான் பெரிய மச்சானிடம் பார்த்த அதே முகம். சின்ன மச்சானுக்கும் வயிறு எரிந்துகொண்டிருந்தது.

பெரிய மச்சான் ஏதாவது சால்ஜாப்பு சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார்:

"இந்த ஊர்ல உன்னைப் புகழாத ஆளு அவன் ஒருத்தன்தான் தம்பி. எவ்வளவோ தேடிப் பாத்தேன், வேற யாருமே கிடைக்கலை."