புல்லட்டின் மூச்சு

காந்திமதிக்கு ஐம்பத்திரண்டு வயது. கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருபத்தோரு வருஷமாகச் சத்துணவு சமைக்கிறாள். கொதிக்கும் சாம்பார் அண்டாவை ஒற்றை ஆளாக இறக்கிவைப்பவள். நாய் என்றால் மட்டும் அவளுக்கு உயிரே போய்விடும். ஒன்பது வயதில் கெண்டைக்காலில் கடிபட்டு, தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டுக்கொண்டவள்.

பக்கத்து வீட்டு அரங்கநாதன் லாரி ஓட்டுகிறவர், தனி ஆள். லோடு ஏற்றிப் போனால் திரும்ப நாலைந்து நாள் ஆகும். அந்த நாட்களில் அவருடைய கறுப்பு நாய் புல்லட்டுக்குச் சோறு வைப்பது காந்திமதி. மறுக்க முடியாமல் ஒப்புக்கொண்ட வேலை. கேட்டுக்கு வெளியே நின்று, துடைப்பக்கட்டையால் தட்டை உள்ளே தள்ளிவிட்டு ஓடிவந்துவிடுவாள்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை காலை தட்டைத் தள்ளினாள். நாய் வரவில்லை. குழாயடியில் முன்னங்கால்களை அகட்டி, கழுத்தை நீட்டி நின்றது. வாய் மூடியே இருந்தது. ஆனால் ஒவ்வொரு மூச்சுக்கும் வயிறு ஒட்டிப்போய் மீண்டது. படுக்கப் பார்த்தது, முடியாமல் உடனே எழுந்துகொண்டது. ஓடிவந்த நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதை அவள் பார்த்திருக்கிறாள். பனி விழும் நேரத்தில், நின்ற இடத்திலேயே இப்படி மூச்சுக்குத் தவிக்கும் நாயைப் பார்த்ததில்லை. வெறி பிடித்துவிட்டதென்றே நினைத்தாள். தெருவில் சொன்னால் தடியோடு வந்துவிடுவார்களே என்ற பயம் அதற்கு மேல்.

அரங்கநாதனுக்குப் போன் போட்டாள். அவர் நெல்லூரைத் தாண்டியிருந்தார். வெறிநாய்க்கடி ஊசி போன மாசம்தான் போட்டதாகச் சொல்லி, திண்டிவனம் மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மாவின் நம்பரைக் கொடுத்தார். "எனக்குன்னு அது ஒண்ணுதான் கீது காந்தி," என்றார்.

டாக்டரம்மா, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணச் சொன்னார். கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி எண்ணினாள். அறுபத்தெட்டு.

"உதட்டத் தூக்கி ஈறு என்ன கலர்னு பாருங்கம்மா."

"எனக்கு நாய்னா பயம் மேடம்."

"நீங்க பாத்துச் சொன்னாதான் எனக்குத் தெரியும்."

கேட்டைத் திறந்து உள்ளே போனாள். அத்தனை வருஷத்தில் அவள் ஒரு நாயைத் தொட்டது அப்போதுதான். உதட்டைத் தூக்கினாள். கடிக்கக்கூட அதற்குத் தெம்பில்லை. ஈறு சாம்பல் கலந்த நீலமாக இருந்தது. அதைச் சொன்னதும் டாக்டரம்மாவின் குரல் மாறிவிட்டது. வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், வலுக்கட்டாயமாகப் படுக்கவைக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள் என்றார்.

தெருமுனை ஆட்டோக்காரன் இனியவனின் வண்டியில் ஏற்றினார்கள். நாய் அவள் முழங்காலில் முகவாயை வைத்து நின்றது. அவள் அசையவில்லை. நெடுஞ்சாலையில் ஒருமுறை அதன் மூச்சு தடைப்பட்டபோது அவளும் மூச்சுவிட மறந்தாள்.

"ஜல்தியா போப்பா," என்றாள். "நின்னுடும்போல கீது."

ஆஸ்பத்திரியில் முதலில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது, நுரையீரல் விரிய இடமில்லை என்றார் டாக்டரம்மா. விலாவில் ஊசி இறக்கி எடுத்தார். வெளிறிய சிவப்பில் அரை லிட்டருக்கு மேல் வந்தது. காந்திமதி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். திரும்பிப் பார்த்தபோது நாய் படுத்திருந்தது. காலையிலிருந்து முதல்முறையாக.

இதயம் பலவீனமாம். ஆயுசுக்கும் மாத்திரை. அது தூங்கும்போது மூச்சை எண்ண வேண்டும், முப்பதைத் தாண்டினால் போன் செய்ய வேண்டும்.

அரங்கநாதன் வந்த பிறகும் எண்ணுவது அவள்தான். அவர் எண்ணினால் பாதியில் கண் கலங்கி விட்டுவிடுகிறார். போன வியாழக்கிழமை முப்பத்தாறு வந்தது. டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டச் சொன்னார். மறுநாள் எண்ணிக்கை இருபத்தெட்டுக்கு இறங்கும்வரை காந்திமதிக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை.