வாமதேவன் அத்தானின் இரும்புப் பெட்டகம்

வாமதேவன் அத்தானின் முப்பத்தோராம் நாளும் முடிந்துவிட்டது. துக்கம் விசாரிக்க வில்லியே லே பெல்லில் இருக்கும் வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப்பேர், கொறிடோரில் சுவரோடு நிற்கும் சாம்பல் நிறப் பெட்டகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் என் அக்கா பூரணியின் கையைப் பிடித்தார்கள். நினைவு மலரில் அத்தான் பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், பெற்ற பிள்ளைகள் எல்லாம் இருக்கின்றன. பெட்டகம் இல்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

அத்தான் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலுக்குப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சு ரெஸ்ரோறன்றில் கோப்பை கழுவப் போய், அங்கேயே சமையற்காரர் ஆனவர். முதலாளி ழான்-லூக் ஒரு வேட்டைக்காரர். ஒருமுறை அவர் கொண்டுவந்த காட்டுப்பண்டி இறைச்சியை அத்தான் வறுத்த தூள் போட்டுப் பிரட்டிக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு ழான்-லூக் அவரையும் காட்டுக்குக் கூட்டிப் போனார். முதலில் சும்மா கூட நடந்தார். பிறகு நாய்களோடு சேர்ந்து விரட்டினார். கடைசியில் பரீட்சை எழுதி வேட்டைக்கான அனுமதியே எடுத்துவிட்டார். இந்த நாட்டில் வேலைக்காகவோ வீட்டுக்காகவோ இல்லாமல் தனக்கென்று அவர் பழகியது அது ஒன்றுதான். சுடுகிற துவக்கு மட்டும் ழான்-லூக்குடையது. பின்னேரம் திருப்பிக் கொடுத்துவிட்டு ரயிலேறுவார்.

ழான்-லூக்குக்கு முழங்கால் பழுதாகி, கடையை விற்றுவிட்டுத் தெற்கே மகளிடம் போவதென்று முடிவானது. துவக்கை அத்தானுக்கே தருவதாகச் சொன்னார். பேர் மாற்றுவதில் சிக்கல் இல்லை. ஆனால் அவர் கோடை முடிவில் போவதற்குள் அத்தான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மருமகனுக்குப் போய்விடும்.

அக்கா ஒரே வசனம்தான் சொன்னாள். "துவக்கு இந்த வீட்டுக்குள்ளை வராது."

ஊரில் எங்கள் வீட்டுக் கொட்டிலில் ஒருவன் சாக்கில் சுற்றிய துவக்கு ஒன்றை வைத்துவிட்டுப் போனான். எங்களை யாரும் கேட்கவில்லை. மறுநாள் ஆமி வந்து அப்பாவைக் கொண்டு போனது. திரும்பி வந்த அப்பாவால் வலது கையால் சோறு பிசைய முடியவில்லை. அக்கா அப்போது பாவாடை கட்டிய பிள்ளை. பிறகு தன் பிள்ளைகளுக்கு அவள் விளையாட்டுத் துவக்குக்கூட வாங்கிக் கொடுத்ததில்லை.

அத்தான் அவளோடு வாதாடவில்லை. துவக்கைப் பெட்டகத்தில் பூட்டிவைக்க வேண்டும், வேட்டைத் துவக்கென்றால் ஒரு பகுதியைக் கழற்றி வேறாக வைத்தாலும் சட்டத்துக்குப் போதும் என்று நான் வாசித்திருந்தேன். அதைச் சொன்னேன்.

"சட்டத்துக்குக் காணும், தம்பி," என்றார். "உன்ரை அக்காவுக்குக் காணாது."

நாலைந்து நாள் கழித்து அக்கா சொன்னாள். "முதல் பெட்டியைக் கொண்டு வாங்கோ. வெறும் பெட்டியா நிக்கட்டும். அதோடை இருக்க ஏலுமோ எண்டு பாப்பம். ஏலாதெண்டால் விட்டிட வேணும்."

"ஓம்," என்றார் அத்தான்.

அப்படித்தான் நானும் அத்தானும் பெட்டகம் பார்க்கக் கிளம்பினோம். துவக்கின் நீளத்துக்கு, வீடு கூட்டும் தும்புத்தடி ஒன்றை வெட்டி அத்தான் எடுத்துக்கொண்டார். மீட்டர் நாடா வாங்கச் சொன்னேன். தடி பொய் சொல்லாது என்றார். ரூ பெர்தொனே தெருவில் நகைக்கடை வைத்திருக்கும் யேசுரட்ணம் தன் பழைய பெட்டகத்தை மலிவாகத் தருவதாகச் சொல்லியிருந்தார். தடியோடு நாங்கள் நுழைந்ததும் அவர் கதிரையை விட்டு எழும்பினார்.

"என்ன அண்ணை, கடையை அடிக்கவோ வந்தனீங்கள்?"

"அடிக்கிறதெண்டால் நல்ல கடையாப் பாத்தெல்லோ அடிப்பன்."

பெட்டகம் யானைக்கன்று மாதிரி இருந்தது. தடி பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தோம்.

சாமான் கடையொன்றில் மலிவாக ஒன்று இருந்தது. அத்தான் கதவின் மேல்மூலையைப் பெருவிரலால் அமத்தினார். தகரம் உள்ளே போய் வந்தது. வேட்டைச் சாமான் கடையில் டேமியன் என்ற பொடியன் நல்லதொன்றைக் காட்டினான். நெருப்புக்கும் தாங்குமாம், நல்ல பாரம். ஆனால் அக்கா வீட்டு லிப்ட் மாதத்தில் பாதி நாள் ஓடாது. மூன்றாம் மாடிக்கு அதை ஏற்ற ஆளில்லை, வாங்கக் காசும் இல்லை. நடுத்தரமானது ஒன்று இருந்தது. கதவு தடிப்பு, பூட்டினால் மூன்று பக்கமும் தண்டு இறங்கும், முதுகில் நாலு துளை. பாரம் குறைவென்பதால் சுவரில் இறுக்காமல் வைத்தால் கள்ளன் அப்படியே தூக்கிக்கொண்டு போவான் என்று டேமியன் சொன்னான். இலக்கம் அமத்தித் திறப்பதா, பூட்டுத் துளையில் திறப்பைப் போட்டுத் திறப்பதா என்று கேட்டான்.

"திறப்பு," என்றார் அத்தான் உடனே. வெளியே வந்து எனக்கு விளக்கினார். "இலக்கமெண்டால் நான் மூத்தவளின்ரை பிறந்த நாளைத்தான் போடுவன். எங்கடை சனத்துக்கு முதல் தெரியிறதே அதுதான்."

வீட்டில் சுவர்களைத் தட்டிப் பார்த்தோம். அறைச் சுவரெல்லாம் உள்ளே வெறும் பொள்ளல். அக்காவோ அறைக்குள், உடுப்பு அலுமாரிக்குப் பின்னால், ஒருவர் கண்ணிலும் படாமல் வைக்கச் சொன்னாள். கொங்கிறீட் சுவர் ஒன்றே ஒன்றுதான், வாசலைத் திறந்ததும் தெரிகிற கொறிடோர்ச் சுவர்.

"அறையிலை ஆணி நிக்காது, பூரணி. வாசலிலை வைக்கிறதை நீர் வேண்டாமெண்டால் நான் வாங்கேல்லை."

"வைச்சுப் பாப்பம்," என்றாள் அவள். முகம் சரியில்லை.

பெட்டகம் வந்தது. கொண்டுவந்தவர்கள் கீழேயே இறக்கிவிட்டுப் போனார்கள். அத்தான் வேலையால் வரும் வரைக்கும் அது தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றது. அந்தக் கட்டடத்தில் இருக்கிற தமிழாட்கள் எல்லாரும் பார்த்தார்கள். தாலிக்கொடியைத் துவாயில் சுற்றி அரிசி வாளிக்குள் வைக்கிற சனம் நாங்கள். பெட்டகம் என்றால் எங்களுக்கு ஒரு பொருள்தான் ஞாபகம் வரும். வாமதேவன் வீட்டில் அள்ளி வைக்கிற அளவுக்கு நகை என்று லா சப்பல் முழுக்கக் கதை போனது. "மறைச்சு வைச்சிருந்திருக்கிறார்," என்றார்கள். அக்கா அதை மறுக்கவில்லை. உண்மையைவிட அது அவளுக்கு வசதியாக இருந்தது.

பெட்டகம் கிழமைக்கணக்கில் வெறுமையாக நின்றது. அக்கா தூசி துடைப்பாள். அத்தான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. ழான்-லூக் வீட்டுச் சாமான்களைக் கட்டத் தொடங்கிவிட்டார்.

அவர் புறப்படுவதற்கு முந்தின கிழமை, அத்தானின் தங்கை றொஷானி லெ பிளாங்-மெனிலில் இருந்து வந்தாள். மகள் லக்சிகாவுக்குக் கலியாணம் பொருந்தியிருந்தது. கைப்பையிலிருந்து மூன்று நகை டப்பாக்களை எடுத்து மேசையில் வைத்தாள்.

"எங்கடை பக்கம் பட்டப்பகலிலை வீடு உடைக்கிறாங்கள், மச்சாள். கலியாணம் முடியுமட்டும் இது இஞ்சை இருக்கட்டும். அண்ணை, ஒரு திறப்பை எனக்குத் தாங்கோ. அவசரத்துக்கு உங்களைத் தேடித் திரியேலாது."

அத்தான் என்னைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். துவக்கு வைக்கிற பெட்டகத்தின் திறப்பு இன்னொருவர் கைக்குப் போகக்கூடாது. நகை உள்ளே போனால் துவக்கு வராது. அக்கா அத்தானிடம் ஏலாது என்று சொல்லவும் தேவையில்லை, றொஷானியிடம் 'ஓம் மச்சாள்' என்றால் போதும். அத்தான் தண்ணீர் எடுக்கிற மாதிரிக் குசினிக்குள் போய்விட்டார்.

அக்கா ஒரு டப்பாவைத் திறந்து அட்டியலைப் பார்த்தாள். வேலைப்பாடு நல்லாயிருக்கு என்றாள். மூடி றொஷானி பக்கம் தள்ளினாள்.

"இதிலை வைக்கேலாது, மச்சாள்."

"ஏன், நிறைஞ்சிட்டுதோ?"

"இல்லை. உங்கடை அண்ணையின்ரை துவக்கு வரப்போகுது."

றொஷானி டப்பாக்களைத் தன் பக்கம் இழுத்தாள். "துவக்கோ? இந்த வயசிலை ஆரோடை சண்டைக்குப் போறார்?"

"பண்டியோடை. பேப்பர் எல்லாம் இருக்கு. ஆரும் வந்து கேட்டால் காட்டலாம்." அக்காவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. மடியில் கிடந்த கைகளை மட்டும் ஒன்றோடொன்று பிடித்திருந்தாள். "நகையை வங்கியிலை வையுங்கோ. நான் கூட வாறன்."

அது லா சப்பல் முழுக்கப் பரவும் என்று அவளுக்குத் தெரியும்.

றொஷானி போனபிறகு அத்தான் குசினி வாசலில் வந்து நின்றார்.

"வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நாள், அண்டைக்குத் துவக்கைக் கொண்டுவராதேங்கோ," என்றாள் அக்கா, மேசையைத் துடைத்துக்கொண்டு. "வியாழன் போங்கோ. நான் வீட்டிலை நிப்பன்."