வளைந்ததா, தட்டையா

வெள்ளவத்தையில் கணித டியூசன் மாஸ்டராக இருப்பவர் அரைக் காற்சட்டையோடு மீன் வாங்கப் போனால்கூடச் சனம் மன்னித்துவிடும். கம்பியூட்டர் கேம் விளையாடுகிறார் என்று தெரிந்தால் மன்னிக்காது. நான் விளையாடுகிறேன். அதுவும் ஐம்பது வயதை எட்டிப் பிடிக்கிற நேரத்தில் பிடித்த பழக்கம்.

கொரோனாக் காலத்தில் வகுப்புகள் எல்லாம் ஸூமுக்குப் போயின. ஒருநாள் ஒரு மாணவன் கணக்கைக் காட்டுகிறேன் என்று தன் திரையைப் பகிர்ந்தான். கணக்குக்குப் பதிலாகத் துவக்கால் சுட்டுக்கொண்டு ஓடுகிற ஒருவன் திரையில் வந்தான். வகுப்பே கொல்லென்று சிரித்தது. நான் எரிந்து விழுந்தேன். இந்தச் சனியன் என்னவென்றுதான் பார்ப்போமே என்று அன்றைக்கே அதை என் கம்பியூட்டரில் இறக்கினேன். ஒரு பள்ளிக்கூட அதிபர் விசாரணைக்கு இறங்கிய தோரணையில்தான் தொடங்கினேன். விசாரணை இன்னும் முடிந்தபாடில்லை.

வெட்கம் என்னவென்றால், பின்னேரம் பெற்றோர் வந்து நின்றால், “பிள்ளையின்ர போனைப் பறிச்சு அலுமாரியில வையுங்கோ, கேம் எண்டா படிப்பு முடிஞ்சுது” என்று கண்ணை உருட்டிச் சொல்லுவேன். அவர்கள் படியிறங்கிப் போன சத்தம் கேட்டதும் ஹெட்போனை மாட்டிக்கொள்ளுவேன். என்னோடு சேர்ந்து சுடுகிறவர்களில் பாதிப்பேர் என் மாணவர்களாகவும் இருக்கலாம். யாருக்கும் சொந்தப் பெயர் இல்லாத இடம் அது. அந்த வசதிதான் என்னைக் கெடுத்தது.

என் மனைவி இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. முன்னெல்லாம் வெள்ளிக்கிழமைகளில் அவள் வேலையால் வந்து குளித்ததும் லப்டொப்பை ஒரு ஸ்டூலில் வைத்து இருவரும் படம் பார்ப்போம். படம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை அவள் கதைத்துக்கொண்டே இருப்பாள். இவன்தான் கள்ளன், இவளுடைய சீலை நல்லாயிருக்கு, இந்த வீட்டை எங்கோ பார்த்திருக்கிறேன் என்று ஓயமாட்டாள். படத்தைப் பார்க்கவிடும் என்று நான் சினப்பேன். கேம் வந்தபிறகு அந்த வெள்ளிக்கிழமைகள் எப்போது நின்றன என்று எனக்கே தெரியாது. அவள் உள்ளறையில் போனில் படம் பார்க்கப் பழகிக்கொண்டாள். நாங்கள் இருவர் மட்டுமே இருக்கிற வீடு அது. அதற்குள்ளும் ஆளுக்கொரு பக்கம் காதை அடைத்துக்கொண்டு இருந்தோம்.

போன வருடம் பழைய மொனிட்டரின் நடுவில் ஒரு பச்சைக் கோடு விழுந்தது. புதிது வாங்க வேண்டும். விளையாட்டுக்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. “பெரிசா ஒண்டு எடுப்பமப்பா, நீரும் நானும் இருந்து படம் பாக்கலாம்” என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அடுத்த நாள் நான் வகுப்பு முடித்து வந்தபோது ஹோலில் ஷோகேஸ் மற்றச் சுவர்ப் பக்கம் போயிருந்தது. என் மேசைக்கு முன்னால் இரண்டு கதிரைகள் அருகருகே போட்டிருந்தன. தனியாக எப்படி இழுத்தாளோ தெரியாது.

கடைக்கு இருவரும் சேர்ந்தே போனோம். வெள்ளவத்தையில் வாங்க முடியாது. அங்கே எந்தக் கடைக்குள் போனாலும் ஒரு மாணவனின் மாமாவோ சித்தப்பாவோ நிற்பார். ஆகவே ஓட்டோ பிடித்துக் கொள்ளுப்பிட்டிக்குப் போனோம். காலி வீதியிலிருந்து உள்ளே போகிற ஒரு ஒழுங்கையில், மாடியில் இருந்த கடை. வாசலில் எங்களை வரவேற்ற விற்பனையாளருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நான் வழமைபோலத் தம்பி என்பதற்கு “மல்லி” என்று தொடங்கிச் சிங்களத்தில் கேட்டேன். அவரும் சிங்களத்திலேயே பதில் சொன்னார்.

கொழும்பில் நாங்கள் இப்படித்தான். தமிழர் கூடியிருக்கிற எங்கள் ஏரியாவைத் தாண்டினால் வாய் தானாகச் சிங்களத்துக்கு மாறிவிடும். எங்களுக்குள் கதைக்க வேண்டியதை மட்டும் தமிழில் கதைப்போம், எதிரே நிற்பவரை வைத்துக்கொண்டே. அது அறைக் கதவைச் சாத்திக்கொள்வது போல. விலை கூட, ஆள் கள்ளன் போலக் கிடக்கு, வாரும் போவம் என்றெல்லாம் முகத்தில் சிரிப்பு மாறாமல் சொல்லப் பழகியிருக்கிறோம். சின்ன வயதிலிருந்தே வந்த கெட்டித்தனம் இது.

அவர் இரண்டு மொனிட்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே கடற்கரைக் காட்சியை ஓடவிட்டார். ஒன்று வளைந்தது. அதில் எல்லாம் எண்ணெய் பூசியதுபோல வழுக்கிக்கொண்டு ஓடியது. அவர் ஒரு கேமையும் போட்டுக் காட்டினார். திரும்புகிற திருப்பத்தில் படம் கிழியவில்லை, இழுபடவில்லை. என் கை தானாக மௌஸைப் பிடித்தது. மற்றது தட்டையானது, கொஞ்சம் பெரியது. வேகம் குறைவு. ஆனால் கடலில் ஒவ்வொரு நுரையும் தனித்தனியாகத் தெரிந்தது. என் மனைவி அதற்கு முன்னால்தான் நின்றாள்.

“இப்படிப் பக்கத்தில் வந்து பாருங்கள்” என்று அவர் எங்களை ஓரமாக நிறுத்தினார். ஓரத்திலிருந்து பார்க்க, வளைந்ததில் கறுப்பெல்லாம் சாம்பலாகிவிட்டது. முகங்கள் வெளிறிப் போயின. தட்டையானது அப்படியே இருந்தது. வளைந்தது நேர் முன்னால் இருக்கிற ஒருவருக்குச் செய்தது, இரண்டு பேர் இருந்து பார்ப்பதென்றால் தட்டையானதுதான் சரி என்று விளக்கினார். பிறகு என் கையிலிருந்த மௌஸைப் பார்த்தார். சிரித்துக்கொண்டு என் மனைவியிடம் கேட்டார், “புத்தாட்டத?”

மகனுக்கா என்று கேட்கிறார்.

இந்தக் கேள்வி எங்களுக்குப் புதிதல்ல. கலியாண வீட்டில், பஸ்ஸில், கோயில் வீதியில் எங்கே போனாலும் வரும். எத்தனை பிள்ளைகள், என்ன படிக்கிறார்கள் என்று கேட்பார்கள். அவள் “இல்லை” என்று சொல்லுவாள். கேட்டவர் முகத்தைச் சுருக்கி ஆறுதல் சொல்லத் தொடங்குவார். ஆறுதல் முடியும்வரை இவள் சிரித்துக்கொண்டு நிற்பாள். அந்தச் சிரிப்பை எனக்கு நன்றாகத் தெரியும். கடையிலும் அதுதான் வரப்போகிறது என்று நான் வேறு பக்கம் பார்த்தேன்.

“ஒவ்” என்றாள் அவள். ஆம், மகனுக்குத்தான். ஓ.எல். சோதனை எடுக்கிறார் என்றும் சிங்களத்தில் சேர்த்துச் சொன்னாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஏனப்பா அப்பிடிச் சொன்னனீர்?” என்று தமிழில் கேட்டேன்.

“பின்னை? டியூசன் சேர்தான் விளையாடுறவர் எண்டு சொல்லட்டோ?”

“அதுக்காக இல்லாத பிள்ளையை ஓ.எல். வரைக்கும் வளத்து விடுறதோ?”

“மெல்லக் கதையுங்கோ.”

“இவருக்கு என்ன விளங்கவே போகுது?” என்றேன். விற்பனையாளர் பணிவாக வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் மொனிட்டரைப் பார்ப்பதுபோலவே நின்று சொன்னாள். “கேக்கிற ஆக்களுக்கெல்லாம் இல்லை, இல்லை எண்டுதானே இவ்வளவு காலமும் சொன்னனான். இண்டைக்கு ஒருக்கா ஓம் எண்டு சொல்லிப் பாப்பம் போல இருந்தது. ஆருக்கு என்ன குறைஞ்சு போச்சு?”

அந்த இடத்தில் ஒரு மனிசன் வாயை மூடியிருக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. என் வெட்கத்தை மறைக்கப் போய்த்தான் அவள் இதைச் சொன்னாள் என்பது உள்ளே குத்தியது. குத்தினால் நான் பாய்வேன், அது என் சுபாவம்.

“சரி, முகத்தைத் தூக்காதேயும். எனக்கு வளைஞ்சதுதான் வேணும். மற்றது இழுபடும்” என்றேன்.

“அப்ப நான் எங்க இருந்து படம் பாக்கிறது?”

“உமக்குத்தான் போன் இருக்கே.”

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. அவள் கைப்பையின் வாரைத் தோளில் சரிசெய்துகொண்டாள்.

விற்பனையாளர் மெதுவாகத் தொண்டையைச் செருமினார். சிங்களத்தில் அவளிடம்தான் சொன்னார். மகனோடு அம்மாவும் இருந்து படம் பார்ப்பதென்றால் தட்டையானதை எடுங்கள் மேடம். கேமும் அதில் நன்றாகவே ஓடும். கொஞ்சம் வேகம் குறைவுதான், மகன் பழகிக்கொள்வார். கடைசி வசனத்தைச் சொல்லும்போது என்னைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தே வீட்டு நிலவரம் பிடித்துவிட்டாரே, நல்ல வியாபாரி என்று நான் நினைத்தேன்.

அப்போது அவருடைய போன் அடித்தது. இரண்டடி தள்ளிப்போய் எடுத்தார்.

“அம்மா, கஸ்டமர் நிக்கிறாங்கம்மா. நீங்க பூசைக்குப் போங்க, நான் நேரா கோயிலுக்கே வந்துர்றேன்.”

எனக்குக் காது இரண்டும் கொதித்தன. சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. இல்லாத பிள்ளை, இவருக்கு என்ன விளங்கப்போகுது, உமக்குத்தான் போன் இருக்கே. கொள்ளுப்பிட்டிவரை ஒளித்துக்கொண்டு வந்து, ஒரு தமிழ் ஆளுக்கு முன்னாலேயே வீட்டைத் திறந்து காட்டியிருக்கிறேன். முதலில் எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது. தமிழ் தெரியும் என்று சொல்லித் தொலைத்திருக்கலாமே! சொல்ல நான் எங்கே இடம் கொடுத்தேன்? வாசலிலேயே மல்லி என்றல்லவா தொடங்கினேன். என் மனைவி குனிந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் இவ்வளவு காலமும் எனக்கே சொல்லாமல் வைத்திருந்ததைத்தான் சற்றுமுன் சொன்னாள். அதை இன்னொருவரும் கேட்டிருக்கிறார்.

அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். எங்கள் முகங்களைப் பார்த்ததும் அவருக்கும் முகம் சிவந்துவிட்டது. “நாங்க கொட்டாஞ்சேனைத் தமிழ் ஆளுங்க, அண்ணே” என்றார், ஏதோ பிழை செய்தவர்போல. உடனே சிங்களத்துக்குத் திரும்பிவிட்டார். அப்படியென்றால் மகனுக்கு எதைக் கொண்டுவரட்டும் என்று கேட்டார்.

அந்த மனிதர் எங்களைக் காப்பாற்றத்தான் பார்த்தார். ஒன்றும் கேட்காதவர்போல அவளுடைய மகனை அவளிடமே விட்டுவைத்தார். நானும் அதைப் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் வாரண்டியைப் பற்றிக் கேட்டேன். வருடக்கணக்காகப் பேசுகிற சிங்களம் அன்றைக்கு நாக்கில் தடக்கியது. அவரும் சிங்களத்தில் பதில் சொன்னார். மூன்று தமிழர் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சிங்களத்தில் கதைத்துக்கொண்டிருந்தோம்.

அவள்தான் அதை நிறுத்தினாள்.

“தம்பி, மகன் எண்டு ஒருத்தரும் இல்லை” என்றாள் தமிழில். “எங்களுக்குப் பிள்ளையள் இல்லை. இவர்தான் விளையாடுறவர்.”

“பரவாயில்லக்கா” என்றார் அவர்.

ஆறுதல் சொல்லவில்லை. அதற்காக அவருக்குக் கோடி புண்ணியம். எனக்கு நிலம் பிளந்தால் நல்லது என்றிருந்தது. அவள் ஒரேயொரு தடவை ஆசைப்பட்டுச் சொன்ன ‘ஓம்’ என்ற சொல்லை அவளே திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. எனக்காகத்தான் சொன்னாள், என் வாயால்தான் அது கெட்டது. நான் என்ன செய்தேன் என்றால், பக்கத்தில் நின்றேன்.

“அப்ப எதக்கா போடட்டும்?”

அவள் தட்டையானதை ஒரு தரம் பார்த்தாள். அதில் கடல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“வளைஞ்சதையே போடுங்கோ” என்றாள். “எங்கட வீட்டில அதுக்கு முன்னால ஒராள்தான் இருக்கிறது.”

குரலில் கோபமே இல்லை. மீன்காரரிடம் எப்படி வெட்ட வேண்டும் என்று சொல்லுகிற குரல்தான். அவர் பெட்டியை எடுக்கப் போகவில்லை. நின்று என்னைப் பார்த்தார். “அண்ணே?” என்றார். எனக்கு இடம் தருகிறார் என்று விளங்கியது. தட்டையானது என்று ஒரு சொல் சொன்னால் போதும். எந்தப் பாஷையிலும் சொல்லலாம். சொன்னால், அவள் சொன்னது அவ்வளவும் உண்மை என்று ஒரு வேற்று ஆளுக்கு முன்னால் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் விலை.

நான் பேர்ஸைத் திறந்து கார்டை எடுத்து அவரிடம் நீட்டினேன்.