பாலாற்றுத் திட்டில் பதினோரு ஆண்டு தோற்காத அணி

ஊர் ஊராகப் போய்க் கால்பந்து மைதானம் பார்ப்பது எனக்கு ஒரு கிறுக்கு. வீட்டில் இதை யாரும் மதிப்பதில்லை. காஞ்சிபுரம் பக்கம் தீவில் ஒரு கால்பந்துக் கழகம் இருக்கிறது என்று அலுவலக நண்பர் சொன்னபோது, கடலே இல்லாத ஊரில் தீவு எங்கிருந்து வந்தது என்று சிரித்தேன். ஆனாலும் விசாரிக்காமல் இருக்க முடியவில்லை. கடந்த பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை 7.10க்குத் தாம்பரத்தில் பேருந்து ஏறினேன். கட்டணம் 47 ரூபாய். காஞ்சிபுரத்தில் இறங்கும்போது மணி 9.05.

பேருந்து நிலையத்துக்கு வெளியே செவிலிமேடு போகும் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். நான்கு கிலோமீட்டர், 20 ரூபாய். ஓட்டுநரிடம் தீவு அணியைப் பற்றிக் கேட்டதும் அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பெயர் சேகர், முப்பத்து நான்கு வயது. அந்த அணியின் கோல்கீப்பரும் கேப்டனும் அவர்தான். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல் இருந்தது எனக்கு.

விஷயம் இதுதான். செவிலிமேட்டுக்குத் தெற்கே பாலாற்றின் நடுவில் ஒரு மண்திட்டு இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் வந்தால் அது தீவு. நல்ல மழை பெய்த ஆண்டில் மூன்று வாரம், மற்ற ஆண்டுகளில் அதுவும் இல்லை. மீதி நாளெல்லாம் சுற்றிலும் மணல். கழகத்தின் பெயர்ப் பலகையில் ‘தீவு’ என்று கம்பீரமாக எழுதியிருந்தாலும் ஊரில் எல்லோரும் ‘திட்டு டீம்’ என்றே சொல்கிறார்கள்.

சேகர் என்னை ஜாகிர் பாயிடம் அழைத்துப் போனார். டவுனில் ஜரிகை வியாபாரம் செய்பவர், கழகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். கடையில் ஜரிகைக் கட்டுகளுக்கு நடுவே நீளமான ஒரு நோட்டு வைத்திருந்தார். பதினோரு ஆண்டுகளாக எட்டு அணிகள் ஆடும் வட்டார லீக்கின் எல்லா ஆட்டங்களும் அதில் இருந்தன. வெளி மைதானங்களில் ஆடியது 39, வென்றது வெறும் 3. அந்தப் பக்கங்களை அவர் வேகமாகப் புரட்டினார். திட்டில் ஆடியது 38. வெற்றி 29, சமன் 9, தோல்வி ஒன்றுகூட இல்லை. கோப்பை ஒருமுறையும் வென்றதில்லை, மூன்றாம் இடம் இரண்டு முறை. ஆனால் திட்டில் வந்து ஜெயித்தவன் எவனும் இல்லை என்பதுதான் பாயின் பெருமை. அதைச் சொல்லும்போது குரலே மாறிவிட்டது. மறுநாள் மூன்று மணிக்கு ஐயம்பேட்டை அணியோடு ஆட்டம், இருந்து பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்.

மதியம் சேகரோடு திட்டுக்கு நடந்தேன். கரையில் வண்டியை விட்டுவிட வேண்டும். அறுநூறு மீட்டர்தான், ஆனால் கால் கணுக்கால் வரை புதையும் மணல். எனக்குப் பதினேழு நிமிடம் ஆனது. போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியது, கெண்டைக்கால் இரண்டும் கெஞ்சின. மேலே இறுகிய வண்டல் தரை, ஓரமாகச் சீமைக்கருவேல மரங்கள், இரண்டு பக்கமும் கோல் கம்பங்கள். வலை கிழிந்த இடங்களில் நெசவு செய்யும் வீரர்கள் தறியில் அறுந்த பாவு இழையை முடிவதுபோல் முடிந்திருந்தார்கள். அவ்வளவு நெருக்கமான, சின்ன முடிச்சுகள்.

உட்கார்ந்து தண்ணீர் குடித்தபின் என் வாய் சும்மா இருக்கவில்லை. எதிரணி எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் தறியும் கடையும் உண்டு, எல்லாம் முடித்துக்கொண்டு இரண்டரைக்குத்தான் வருவார்கள் என்றார் சேகர். உங்கள் ஆட்கள்? கோடு போட வேண்டுமே, அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டுப் பதினொரு மணிக்கே வந்து, வேலையை முடித்து, சாப்பிட்டு, மரத்தடியில் ஒரு தூக்கம் போட்டு எழுந்து ஆடுவோம் என்றார். அப்படியானால் அவர்கள் இந்த மணலைக் கடந்த கையோடு ஆட இறங்குகிறார்களா என்றேன். சும்மாதான் கேட்டேன்.

சேகர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். திரும்பி நடக்கும்போது பாதி வழியில் நின்றார்.

“எனக்கும் ரொம்ப நாளா அந்த டவுட்டு இருக்குது சார். டவுன்ல போனா தோக்கறோம், இங்க வந்தா ஜெயிக்கிறோம். நாங்க ஆடறோமா, இந்த மணல் ஆடுதா, தெர்ல.”

அன்றிரவு விடுதியில் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. அவருக்கு வரவில்லை போலிருக்கிறது.

ஞாயிறு காலை பத்து மணிக்குத் திருப்புட்குழி கோயிலுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்த சேகர், ஒன்பதரைக்குப் போன் செய்து வேறு வேலை வந்துவிட்டது என்றார். கொஞ்சம் கடுப்புதான். நகரப் பேருந்தில் போய் (15 ரூபாய், முப்பத்தைந்து நிமிடம்) பெருமாளைச் சேவித்துவிட்டு, ஒரு மணிக்குத் திட்டுக்கு வந்து சேர்ந்தேன். அங்கே பார்த்தால் நீலச் சட்டை போட்ட பதினான்கு பேர் மரத்தடியில் படுத்திருந்தார்கள். ஐயம்பேட்டை அணி. முதல் நாள் மாலையே சேகர் அவர்கள் கேப்டன் வினோத்தைப் பார்த்து, ஒரு நாள் தறிக்கும் கடைக்கும் லீவு போட்டுவிட்டுச் சீக்கிரம் வரும்படி பேசியிருக்கிறார். காலையில் தன் ஆட்டோவிலேயே இரண்டு நடையாக அவர்களைக் கரைக்கு ஏற்றி வந்து, பதினொன்றரைக்கெல்லாம் திட்டில் சேர்த்துவிட்டார். குடிக்க ஒரு கேன் மோரும் வாங்கி வைத்திருந்தார்.

சொந்த அணிக்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் சேகரோடு பேசவில்லை. இரண்டு மணிக்கு வேர்க்க விறுவிறுக்க வந்த ஜாகிர் பாய், மரத்தடியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“இன்னாபா பண்ணி வெச்சிருக்கிற? பதினோரு வருஷம்பா.”

“அதான் பாய். பதினோரு வருஷமா ஜெயிச்சது யாருன்னு எனக்குத் தெரியணும்.”

பாய் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். முதல் நாள் என்னைத் திட்டுக்கு அழைத்து வந்தது சேகர் என்று அவருக்குத் தெரியும். எனக்கு வெட்கமாக இருந்தது. வந்தோமா பார்த்தோமா என்று போகாமல், ஊரார் விஷயத்தில் மூக்கை நுழைத்துவிட்டேன்.

ஆட்டம் சரியாக மூன்று மணிக்குத் தொடங்கியது. பன்னிரண்டாவது நிமிடத்தில் ஐயம்பேட்டை முதல் கோல் போட்டது, முப்பத்தொன்றில் இரண்டாவது. திட்டில் இப்படி ஒரு வேகத்தைச் சந்தித்துப் பழக்கமில்லாத வீரர்கள் திகைத்துப் போயிருந்தார்கள். இடைவேளையில் யாரோ சேகரைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். அவர் வாங்கிக்கொண்டார்.

இரண்டாம் பாதியில்தான் நான் பார்க்க வந்ததைப் பார்த்தேன். கோபமோ ரோஷமோ, திட்டு அணி ஆடத் தொடங்கியது. ஐந்தாறு பாஸ் பிசகாமல் போனது. ஐம்பத்தெட்டாவது நிமிடத்தில் ஒரு கோல். ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. சேகர் நேருக்கு நேர் வந்த இரண்டு பந்துகளைப் பாய்ந்து தடுத்தார். கடைசி நிமிட கார்னருக்கு அவரே எதிர் கோல் வரை ஓடினார். அவர் தலையில் பட்ட பந்து அரை அடி வெளியே போனது. விசில் ஊதினார்கள். 2–1, ஐயம்பேட்டை.

ஜாகிர் பாய் யாரிடமும் சொல்லாமல் கரையை நோக்கி நடந்துவிட்டார். வீரர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வெற்றி பெற்றவர்கள்கூட அதிகம் சத்தம் போடவில்லை. வினோத் வந்து சேகருக்குக் கை கொடுத்தார்.

“அஞ்சு வாட்டி இங்க வந்துக்கிறோம்ணா. நீங்க இப்படி ஆடி நாங்க பாத்ததே இல்ல.”

சேகர் கேனில் மிச்சமிருந்த மோரை அவருக்கு ஊற்றிக் கொடுத்தார். பிறகு கோல் கம்பத்துக்குப் பின்னால் போய், முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நான் கிட்டே போகவில்லை.

எனக்கு இன்னும் ஒரு விஷயம் புரியவில்லை. தோற்காத பெயரை யாரும் கேள்வி கேட்காமல் வைத்துக்கொள்ளலாம், நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். பதினோரு ஆண்டுச் சொத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துச் சோதித்துப் பார்க்க என்னால் முடியாது.

போக நினைப்பவர்களுக்குச் சில தகவல்கள். திட்டில் ஆட்டங்கள் ஜனவரி முதல் மே வரை, ஞாயிறு மூன்று மணிக்கு. அதற்குப் பிறகு ஆற்றில் தண்ணீர் இருந்தால் போக முடியாது. செவிலிமேட்டில் இறங்கிக் கரைக்குப் பத்து நிமிட நடை, பிறகு மணல். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வது நல்லது, மதியத்தில் சுடும் என்பதால் பழைய சாக்ஸ் போட்டு நடக்கலாம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். திட்டில் கடை எதுவும் இல்லை. டவுனில் சுமாரான அறை 900 ரூபாய்க்குக் கிடைக்கிறது. எனக்கு இரண்டு நாளும் சேர்த்து ஆன செலவு 1,640 ரூபாய்.

ஆட்டம் பார்க்க அல்லாமல் ஆடவே போகிற அணிகளுக்கு ஒரு சேதி உண்டு. மாலை என்னைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்ட சேகர், ஆட்டோ காசு வாங்க மறுத்துவிட்டு, இதை எழுதச் சொன்னார். பாய்க்குத் தெரிந்தால் என்ன சொல்வாரோ என்றேன். அவர் திட்டிக்கினுதான் இருப்பார், நீங்க எழுதுங்க என்றார்.

“யார் வந்தாலும் பன்னண்டு மணிக்கே வந்து நெழல்ல படுத்து எழுந்துட்டு ஆடச் சொல்லுங்க சார். மோர் நாங்க வெக்கிறோம். அதுக்கப்புறம் ஒரே ஒரு ஆட்டம் ஜெயிச்சாலும், அது நாங்க ஜெயிச்சது.”