"நல்ல கேள்வி" என்றான் என் மகன்

மகன் ஜெர்மனியில் இருக்கிறான். முனைவர் பட்டம் முடித்த பிறகான ஆய்வுப் பணி, கரிம வேதியியலில் வினையூக்கிகள் பற்றி. ஊரில் எல்லாரும் "இன்னுமா படிக்கறான்?" என்கிறார்கள். சம்பளம் வாங்கும் வேலைதான் அது என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

அவனிடம் வேலையைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுங்கப்பா. மாத்திரை போட்டீங்களா?" என்பான். உடனே போனை வைத்துவிடுவான்.

எனக்கா புரியாது? பத்தாவதோடு நின்றவன்தான். ஆனால் செல்போனைப் பார்த்தே, வினையூக்கியாகப் பயன்படும் பலேடியம் என்ற உலோகம் வரைக்கும் படித்துவிட்டேன்.

இன்று அவன் இணையத்தில் உரையாற்றினான். அவன் சொல்லவில்லை, அறிவிப்பை நானே தேடிப் பிடித்தேன். வீட்டில் நெட் சரியாகக் கிடைக்காததால் அதியமான்கோட்டை டீக்கடையில் உட்கார்ந்து பார்த்தேன்.

"மேட்ச்சுங்களா பெரியவரே?" என்றார் கடைக்காரர்.

"எம் பையன் பேசறானுங்க."

"அடேங்கப்பா! வூட்லயும் இப்படித்தான் பேசுவாருங்களா?"

போனில் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

முடிவில் கேள்வி கேட்கச் சொன்னார்கள். மருந்து தயாரித்த பின் அதில் தங்கிவிடும் பலேடியத்தை எப்படி நீக்குவீர்கள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். பெயர் போடவில்லை.

"நல்ல கேள்வி" என்று சிரித்தான். படம் வரைந்து, என் டீ ஆறிப்போகும் வரை பொறுமையாக விளக்கினான்.

சாயங்காலம் போன் செய்தான். கேட்டது நான்தான் என்று சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

அடுத்த மாதமும் பேசுகிறானாம். வேதியியல் தெரிந்த நண்பர்கள் ஒரு கேள்வி எழுதிக் கொடுங்கள். பதில் நீளமாக வரும்படி இருக்கட்டும்.